இடிப்பதற்கு முன் எழுதுதல்: பழங்கற்படி மரபும் இன்றைய கட்டட ஆவணப்பதிவும் – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

பழங்கட்டடங்களை இடித்துப் புதுப்பிக்கும் முன் அவற்றைப் பதிவுசெய்து வைப்பது இன்று மரபுரிமைப் பாதுகாப்பின் ஒரு கூறாகக் கருதப்படுகிறது. தமிழகத்தில் இதற்கு ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள சான்றுகள் உண்டு. திருமழபாடியிலும் திருக்கோடிக்காவலிலும் கோயிலைக் கற்றளியாகவோ புதிய தளியாகவோ எடுப்பிக்கும் முன் பழைய கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டுப் புதுச்சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. இப்படிகள் எதைக் காத்தன, எதைக் கைவிட்டன என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. அம்மதிப்பீட்டைச் சென்னை மூர் மார்க்கெட், இலண்டன் நகரின் இரு கட்டடங்கள் ஆகியவற்றின் பதிவுகளோடு ஒப்பிட்டு, ஒரு பதிவு பாதுகாப்பாக அமைவதும் இடிப்புக்கான இசைவாக மாறுவதும் அது எடுக்கப்படும் காலத்தையும் அதன் நேர்மையையும் பொறுத்தவை என்னும் கருத்தை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: பழங்கற்படி, திருமழபாடி, திருக்கோடிக்காவல், திருப்பணி, கட்டட ஆவணப்பதிவு, மூர் மார்க்கெட், மரபுரிமை.

1. முன்னுரை

ஒரு பழங்கட்டடத்தை அகற்றப்போகும் நிலையில் அதனை அளவெடுத்து வரைதல், ஒளிப்படம் எடுத்தல், ஒளிக்கதிர்க் கருவிகளால் முப்பரிமாணத்தில் வருடி வைத்தல், அதில் வாழ்ந்தோரின் வாய்மொழிச் செய்திகளைத் தொகுத்தல் ஆகியன இன்று பல நாடுகளில் நடைமுறையில் உள்ளன. இவற்றின் பயனை மறுப்பார் இலர். ஆயினும் 'ஆவணப்படுத்தியாயிற்று' என்னும் ஒரு சொல், இடிப்போருக்கும் அதனைக் கண்டு வருந்துவோருக்கும் ஒருசேர அமைதி அளித்துவிடுகிறது. அந்த அமைதிக்கு நியாயம் உண்டா என்பதே இக்கட்டுரையின் வினா.

தமிழ்ப் பதிப்புலகம் இவ்வினாவை வேறொரு வடிவில் நன்கறியும். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த காலந்தொட்டு, மூலச்சுவடி எது, படி எது, பாடவேறுபாடு யாது என்று கேட்பது பதிப்பாசிரியரின் கடமையாக நிலைபெற்றுவிட்டது. அச்சுநூல் வந்துவிட்டது என்பதற்காகச் சுவடியை எரித்துவிடலாம் என்று எந்தப் பதிப்பாசிரியரும் சொல்லார். சுவடியை மீண்டும் பார்க்க வேண்டிய தேவை எப்போது எழும் என்பதை எவரும் முன்கூட்டி அறிய இயலாது. கட்டடங்களைப் பொறுத்தமட்டில் இந்த எச்சரிக்கை நம்மிடம் வேரூன்றவில்லை. ஆகவே கட்டடத்தை மூலமாகவும் பதிவைப் படியாகவும் கொண்டு, பதிவுகளைத் திறனாய்வுக்கு உட்படுத்துவது பொருத்தமாகும்.

2. திருமழபாடி: ஆணையும் புத்தகமும்

அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்தின் வடகரையில் அமைந்தது திருமழபாடி வைத்தியநாதர் கோயில். முதலாம் இராசராசனின் 28ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1013ஐ ஒட்டி, இக்கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாக எடுப்பிக்குமாறு அரசாணை பிறந்தது. பிரிப்பதற்கு முன் அதன் சுவர்களிலிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்து வைக்க வேண்டும் என்பதும் அவ்வாணையின் பகுதி. புதிய விமானம் எழுந்தபின், முதலாம் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1026இல், அப்படிகள் புதுச்சுவரில் வெட்டப்பட்டன. இச்செய்தியைக் கோயிலின் கல்வெட்டே கூறுகிறது.

இங்குக் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, பதிவும் இடிப்பும் ஒரே ஆணையில் அடங்கியுள்ளன. பிரித்த பின் எவரோ நினைவுகூர்ந்து எழுதியதாக இல்லாமல், பிரிப்பதற்குரிய முன்நிபந்தனையாகவே பதிவு வைக்கப்பட்டுள்ளது. இரண்டாவது, பதிவுக்கும் மீள்பொறிப்புக்கும் இடையில் ஏறத்தாழ 13 ஆண்டுகள் கடந்துள்ளன. அதற்குள் ஆட்சியும் மாறிவிட்டது. அவ்வளவு காலமும் அந்த ஆவணங்கள் புத்தகத்தில் மட்டுமே உயிர்வாழ்ந்தன. கல்லிலிருந்து ஏட்டுக்கும் ஏட்டிலிருந்து கல்லுக்குமாக இருமுறை பெயர்க்கப்பட்ட வாசகங்களையே அங்கு நாம் படிக்கிறோம். மூன்றாவது, ஓர் அரசன் இட்ட ஆணையை அடுத்த அரசன் நிறைவேற்றி, நிறைவேற்றிய செய்தியையும் எழுதி வைத்துள்ளான். பதிவின் வரலாறும் பதிவிலேயே இடம்பெற்றுவிட்டது.

இத்துணைக் கவனத்துக்குக் காரணம் பழமைப் பற்று என்று கொள்வது பொருந்தாது. கோயிற் சுவரில் இருந்தவை கொடைகள். ஒரு நுந்தா விளக்குக்குச் சாவா மூவாப் பேராடாக 96 ஆடுகள் விடப்பட்டால், அவற்றைப் பெற்றவன் நாள்தோறும் உரிய அளவு நெய் அளக்கக் கடமைப்பட்டவன். அவன் வழியினரும் அவ்வாறே. நிலக்கொடை, இறையிலி, சபையார் பொன் பெற்று ஏற்ற பொறுப்பு ஆகிய யாவும் சந்திரசூரியர் உள்ளளவும் செல்ல வேண்டியவை. சுவர் மறைந்தால் சான்று மறையும். சான்று மறைந்தால் கடமையும் நழுவும். எனவே படியெடுத்தோர் காத்தது உரிமைகளையும் பொறுப்புகளையும்தான். கட்டடத்தைக் காப்பது அவர்களது நோக்கத்தில் இடம்பெறவில்லை. இதனைக் குறையாகச் சொல்வதற்கில்லை. எந்தப் பதிவும் ஒரு நோக்கத்தோடுதான் எடுக்கப்படுகிறது. அந்நோக்கமே எதை எழுதுவது, எதை விடுவது என்பதைத் தீர்மானிக்கிறது.

3. திருக்கோடிக்காவல்: படி என்னும் ஒப்புகை

கண்டராதித்தரின் தேவியும் உத்தம சோழனின் தாயுமான செம்பியன் மாதேவியார், கோனேரிராசபுரம், ஆடுதுறை, விருத்தாசலம் முதலிய ஊர்களில் கற்றளிகளை எடுப்பித்தவர். தஞ்சாவூர் மாவட்டத்துத் திருக்கோடிக்காவல் கோயிலும் அவரது திருப்பணிகளுள் ஒன்று. அங்குப் பழைய கற்களில் இருந்த கல்வெட்டுகள் புதிய கற்றளியின் சுவர்களில் படியெடுத்து வெட்டப்பட்டன. பல்லவர் காலத்து ஆவணங்களும் அவற்றுள் அடங்கும். அவ்வாறு வெட்டப்பட்டவை பழைய கல்லின் படி என்பதை அறிவிக்கும் வகையில் 'பழங்கற்படி' என்னும் குறிப்பு அங்குப் பொறிக்கப்பட்டுள்ளது.

இச்சொல் தமிழ் ஆவணவியலின் நேர்மைக்கு ஒரு சான்று. படியெடுத்தவர் அதனை மூலம்போலக் காட்ட முயலவில்லை. 'இது மூலம் இல்லை. மூலத்தைப் பார்த்து எழுதியது' என்று ஒப்புக்கொண்டு, பின்வரும் வாசகரை எச்சரிக்கையோடு படிக்கச் சொல்கிறார். இன்று புதுப்பிக்கப்பட்ட எத்தனையோ கட்டடங்களில் எந்தத் தூண் பழையது, எந்தத் தூண் வார்ப்பால் ஆக்கப்பட்டது என்று பார்ப்பவர் அறிய வழியில்லை. பழையதுபோலத் தோன்றச் செய்வதே திறமை எனக் கருதப்படுகிறது. அந்நிலையோடு ஒப்பிட, பத்தாம் நூற்றாண்டுக் கல்தச்சர் காட்டிய ஒழுங்கு மேம்பட்டதென்றே கூற வேண்டும்.

மற்றொரு சிறப்பும் உண்டு. இப்படிகள் எந்த இடத்தின் ஆவணங்களோ அந்த இடத்திலேயே, ஊரார் கண்ணெதிரே நின்றன. அரண்மனைக் கருவூலத்தில் மட்டும் இருந்திருந்தால் ஊர்ச்சபையாரோ கோயிற் பணியாளரோ அவற்றைச் சுட்டிக்காட்டி உரிமை கோரியிருக்க இயலாது. பதிவு அது குறிக்கும் இடத்தோடும் அதற்குரிய மக்களோடும் பிணைந்திருக்க வேண்டும் என்பது இம்மரபு தரும் பாடம். இன்றைய பதிவுகள் பெரும்பாலும் தொலைநகரத்து நிறுவனங்களின் கணினிச் சேமிப்பகங்களில் தங்கிவிடுவதை நோக்க இப்பாடத்தின் அருமை புலனாகும்.

4. படியில் எஞ்சாதவை

இச்சிறப்புகளை ஏற்றுக்கொண்ட பின்னரே, படிகள் கைவிட்டவற்றைப் பேசுவது நேர்மையாகும். அவற்றை நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது, எழுத்தமைதி. படியெடுத்து வெட்டப்பட்ட கல்வெட்டு, வாசகத்தால் பழையது, எழுத்தால் புதியது. ஒன்பதாம் நூற்றாண்டு அரசனின் ஆட்சியாண்டைக் கூறும் வாசகம் பிந்திய நூற்றாண்டின் எழுத்தில் அமைந்திருக்கும். கல்வெட்டறிஞர் படிகளை இனங்காண்பதற்கே இம்முரண் உதவுகிறது. ஆனால் மூலத்தின் எழுத்து எவ்வாறிருந்தது என்பது மீட்கவியலாதபடி மறைந்துவிட்டது. இந்த இழப்பு சிறிதன்று. முற்காலச் சோழர் கல்வெட்டுகள் பலவற்றில் அரசனின் இயற்பெயர் இராது. இராசகேசரிவர்மன் அல்லது பரகேசரிவர்மன் என்னும் பட்டமும் ஆட்சியாண்டும் மட்டுமே இருக்கும். முதலாம் ஆதித்தன், கண்டராதித்தன், சுந்தர சோழன், முதலாம் இராசராசன் ஆகியோர் இராசகேசரிகள்; விசயாலயன், முதலாம் பராந்தகன், உத்தம சோழன் ஆகியோர் பரகேசரிகள். மெய்க்கீர்த்தி வழக்கூன்றுவதற்கு முந்திய இத்தகைய ஆவணங்களில் 'எந்த இராசகேசரி' என்று தீர்மானிக்க எழுத்தமைதி ஒரு முதன்மைச் சான்று. படியில் அச்சான்று இல்லை. வாசகம் முழுமையாகக் கிடைத்தும் அதன் காலம் ஐயத்துக்கு உரியதாகிவிடக்கூடும்.

இரண்டாவது, இடம். ஒரு கல்வெட்டு அதிட்டானத்தில் இருந்ததா, கருவறைச் சுவரில் இருந்ததா, பின்னர்ச் சேர்க்கப்பட்ட மண்டபத்தில் இருந்ததா என்பது கட்டடத்தின் வளர்ச்சியைக் கணிக்க உதவும். ஓர் அரசனின் ஆவணம் அர்த்தமண்டபச் சுவரில் இருந்தால், அந்த மண்டபம் அக்காலத்துக்கு முன்பே எழுந்துவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். புதுச்சுவரில் வரிசையாக வெட்டப்பட்ட படிகள் இந்த உறவைக் கலைத்துவிடுகின்றன. கட்டடத்தைக் காலவரிசைப்படுத்தும் குறிப்புகளாக இருந்தவை வெறும் வாசகங்களாகச் சுருங்கிவிடுகின்றன.

மூன்றாவது, எழுத்தல்லாத குறிகள். கோயில்கள் பலவற்றின் அடித்தளத்திலும் சுவரிலும் நிலமளக்கும் கோல்களின் நீளம் கோடாகப் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அக்கோட்டில் நீளமே செய்தி. அதனை ஏட்டில் சொல்லால் எழுதிவிட இயலாது. கல்தச்சரின் குறியீடுகள், கல்லின் இணைப்புமுறை, உளியின் தடம், சுதைப்பூச்சின் படலங்கள் ஆகியனவும் இவ்வகையினவே. வாசகத்தை மட்டும் பொருளாகக் கருதிய பதிவில் இவை நுழைய வாயில் இல்லை.

நான்காவது, கட்டடமே. திருமழபாடி ஆணையின் கவனம் எழுத்தின்மேல் இருந்தது. பிரிக்கப்பட்ட விமானம் எத்தனை தளமுடையது, அதன் கோட்டங்களில் எவ்வுருவங்கள் நின்றன, அதன் அளவுகள் யாவை என்பன அவ்வாணை கேட்காத செய்திகள். ஒரு கட்டடத்தின் சுவர்களில் இருந்தவற்றைப் படிக்கிறோம், அச்சுவர்களைத்தான் காணவில்லை. சொற்களைக் காத்த பதிவு வடிவத்தை இழந்தது என்று இதனைச் சுருக்கிக் கூறலாம்.

பழைய தளியைப் பிரித்துப் புதிய தளி எடுப்பிப்பது வழிபாட்டிலுள்ள கோயிலின் வாழ்வியல் என்பதை மறந்துவிடலாகாது. செங்கல் தளியைக் கற்றளியாக்குவது அக்காலத்துச் சிறந்த அறம். இன்று நாம் போற்றும் செம்பியன் மாதேவியார் கற்றளிகளே அவ்வாறு பழையவற்றின் இடத்தில் எழுந்தவைதாம். ஆகவே மேற்கூறியவை சோழர் மீது சுமத்தும் குற்றச்சாட்டு ஆகா. ஒரு பதிவு எவ்வளவு கவனத்தோடு எடுக்கப்பட்டாலும், அதை எடுத்தவர் கேட்ட வினாக்களுக்கு மட்டுமே அது விடைதரும் என்பதே இங்கு நிறுவப்படுவது. பின்வருவோர் கேட்கப்போகும் வினாக்களுக்கு விடை மூலத்தில்தான் இருக்கிறது.

5. மூர் மார்க்கெட்: சொல்லற்ற வடிவம்

இதற்கு நேர்மாறான ஒரு சான்று சென்னையில் உள்ளது. மாநகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூர் பெயரால் அமைந்த மூர் மார்க்கெட்டுக்கு 1898இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1900இல் அது திறக்கப்பட்டது. செந்நிறச் செங்கல்லால் இந்தோ-சாரசனிக் பாணியில் அமைந்த அக்கட்டடம், சென்ட்ரல் தொடர்வண்டி நிலையத்தை அடுத்து நடுவில் முற்றத்தோடு நின்றது. பழைய புத்தகக் கடைகளுக்கு அது பெயர்பெற்றது. 1985 மே மாதத்தில் நேர்ந்த தீவிபத்தில் அது அழிந்தது. அவ்விடத்தில் இன்று புறநகர் இரயில் நிலைய வளாகம் உள்ளது. அங்கு மூர் மார்க்கெட்டின் சிறிய மாதிரி வடிவம் ஒன்று வைக்கப்பட்டுள்ளது.

அம்மாதிரியும் ஒருவகைப் பதிவே. திருமழபாடிப் படி இழந்ததை அது காட்டுகிறது: வளைவுகள், கூரை, நாற்புற அமைப்பு ஆகிய வடிவச்செய்திகளை ஒரே பார்வையில் தருகிறது. ஆனால் திருமழபாடிப் படி காத்ததை அது இழந்துவிட்டது. அங்கு யார் கடை வைத்திருந்தனர், எந்த உரிமையின்பேரில் வைத்திருந்தனர், எந்த மூலையில் எந்த வகை நூல்கள் கிடைத்தன, வாசகரும் வணிகரும் எவ்வாறு பேரம் பேசினர் என்பவற்றை மாதிரி வடிவம் உரைக்காது. தமிழ் ஆய்வாளர் தலைமுறைகள் சில, அச்சில் இல்லாத நூல்களையும் பழைய இதழ்த் தொகுதிகளையும் தேடி அங்குச் சென்றன. அவ்வகையில் அது தமிழாய்வின் வரலாற்றிலும் ஓர் இடம். அந்த வரலாறு, சென்றவர்களின் நினைவுக் குறிப்புகளில் சிதறிக் கிடக்கிறது. மாதிரி வடிவத்தின் அருகில் இல்லை.

தீவிபத்து முன்னறிவிப்போடு வருவதில்லை என்பதையும் இங்குச் சேர்த்துக் கருத வேண்டும். திருமழபாடியில் ஆணைக்கும் பிரிப்புக்கும் இடையில் படியெடுக்க அவகாசம் இருந்தது. மூர் மார்க்கெட்டில் அத்தகைய அவகாசம் இல்லை. இடிப்பு முடிவானபின் பதிவு எடுக்கலாம் என்று காத்திருப்பது, அழிவு எப்போதும் அறிவித்துவிட்டு வரும் என்று நம்புவதாகும்.

இரண்டு சான்றுகளையும் அருகருகே வைத்தால் ஓர் உண்மை தெளிவாகும். சோழர் படி கட்டடத்தை ஆவணமாகக் கண்டது. சென்னை மாதிரி கட்டடத்தைத் தோற்றமாகக் கண்டது. கட்டடம் இவ்விரண்டுமாகவும் இவற்றுக்கு மேலாகவும் இருந்தது. இன்றைய முப்பரிமாண வருடல் எத்துணை நுண்மையானதாயினும் இரண்டாம் வகையையே சார்கிறது. மேற்பரப்பின் கோடிக்கணக்கான புள்ளிகளை அது பதிகிறது. அந்த மேற்பரப்புக்குப் பின்னால் உள்ள சுவரையும், அச்சுவருக்குள் வாழ்ந்தவரையும் அது அறியாது.

6. இலண்டன்: ஒரே பதிவு, இரு விளைவுகள்

பதிவின் உள்ளடக்கம் மட்டுமின்றி அது எடுக்கப்படும் காலமும் அதன் தகுதியைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இலண்டன் நகரின் கிழக்குப் பகுதியிலிருந்து ஒரு தெளிவான சான்று கிடைக்கிறது. பிராம்லி-பை-போ என்னுமிடத்தில் 1606இல் கட்டப்பட்ட 'பழைய அரண்மனை' என்னும் மாளிகை இருந்தது. பள்ளி ஒன்று கட்டுவதற்காக 1890களின் முற்பகுதியில் அது இடிக்கப்பட்டது. அதன் பெருங்கூடத்தின் மரப்பலகை வேலைப்பாடு மட்டும் காப்பாற்றப்பட்டு அருங்காட்சியகம் சேர்ந்தது. இன்றும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அதனைக் காணலாம். இந்த இழப்பு, அப்பகுதியில் பணியாற்றிய கட்டடக்கலைஞர் சி.ஆர். ஆஷ்பியைத் தூண்டியது. நகரிலுள்ள பழங்கட்டடங்களை, அவை ஆபத்துக்கு உள்ளாகும் முன்பே பட்டியலிட்டு வரைந்து வைக்க அவர் 1894இல் ஒரு குழுவைத் திரட்டினார். 'இலண்டன் அளவாய்வு' என்னும் நெடுந்தொடர் அவ்வாறு தொடங்கியது.

அத்தொடரின் முதல் தனிநூல் 1896இல் வெளிவந்தது. மைல் எண்ட் சாலையிலுள்ள டிரினிட்டி அறவிடுதி அதன் பொருள். முதிய கடலோடிகளுக்காகவும் அவர்களது கைம்பெண்களுக்காகவும் 1695இல் கட்டப்பட்ட அவ்விடுதியும் அப்போது இடிப்பை எதிர்நோக்கியிருந்தது. ஆஷ்பியின் குழு அதன் கட்டட அமைப்பை வரைந்தது, வரலாற்றை எழுதியது, அதனைக் காக்க வேண்டிய காரணத்தையும் உடன் எடுத்துரைத்தது. விடுதி காப்பாற்றப்பட்டு இன்றும் நிற்கிறது.

இரு கட்டடங்களும் ஒரே பகுதியைச் சேர்ந்தவை. ஏறத்தாழ ஒரே ஆண்டுகளில் ஒரே ஆபத்தைச் சந்தித்தவை. ஒன்றில், முடிவு எடுத்தபின் எஞ்சிய துண்டு அருங்காட்சியகப் பொருளாயிற்று. மற்றொன்றில், முடிவு உறுதிப்படும் முன்பே எழுந்த பதிவு, முடிவையே மாற்றத் துணைநின்றது. முன்னது இரங்கற்பா, பின்னது வழக்குரை.

இவ்வேறுபாட்டை இங்கிலாந்தின் திட்டமிடல் கொள்கை உணர்ந்துகொள்ள நெடுங்காலம் ஆயிற்று. 1990இல் தொல்லியல் பற்றி வெளியிடப்பட்ட அரசு வழிகாட்டுக் குறிப்பு, எச்சங்களை இருந்த இடத்திலேயே காப்பதே சிறந்தது என்றது. அது இயலாதபோது 'பதிவின்வழிப் பாதுகாப்பு' இரண்டாம்நிலைத் தீர்வாக ஏற்கத்தக்கது எனவும் கூறியது. அத்தொடரிலேயே ஒரு மயக்கம் உள்ளது. பதிவு எடுத்தபின் அழிக்கப்படுவது எவ்வாறு பாதுகாக்கப்பட்டதாகும்? சொல் மாறும்போது செயலின் நிறமும் மாறிவிடுகிறது. அழிப்பு என்பதன் மேல் பாதுகாப்பு என்னும் பெயர் ஒட்டப்படுகிறது. 2012இல் வெளியான தேசியத் திட்டமிடல் கொள்கைச் சட்டகம் இம்மயக்கத்தை நீக்க முயன்றது. இழக்கப்படும் மரபுச்சின்னத்தைக் கட்டுமானம் மேற்கொள்வோர் பதிவுசெய்ய வேண்டும் என்று அது வலியுறுத்தியதோடு, பதிவுசெய்ய இயலும் என்பது அவ்விழப்பை அனுமதிக்கலாமா என்னும் முடிவுக்கு ஒரு காரணியாகக் கூடாது என்றும் வரையறுத்தது. பதிவு கட்டாயம், ஆனால் பதிவு இசைவாகாது. இவ்விரண்டையும் பிரித்து வைத்ததே அக்கொள்கையின் நுட்பம்.

இதற்கு எதிர்வாதம் ஒன்று எழலாம். இரண்டாம் உலகப் போரில் தகர்க்கப்பட்ட வார்சா பழைய நகரம், போருக்கு முன் கட்டடக்கலை மாணவரும் ஆசிரியரும் வரைந்து வைத்த அளவுப்படங்களின் துணையோடு மீண்டும் எழுப்பப்பட்டது. 1980இல் உலக மரபுச்சின்னமாகவும் ஏற்கப்பட்டது. ஆகவே பதிவு மூலத்தை மீட்டுத்தரும் வல்லமை உடையது அன்றோ எனலாம். உண்மையே. எனினும் அவ்வரைபடங்கள் இடிப்பதற்காக எடுக்கப்பட்டவை அல்ல. கட்டடங்களை அறிந்துகொள்ளும் ஆர்வத்தால், அவை நிலைத்திருக்கும் என்னும் எண்ணத்தோடு எடுக்கப்பட்டவை. பேரழிவில் அவை கைகொடுத்தன என்பது, பதிவைக் காட்டி அழிவை ஏற்படுத்தலாம் என்பதற்குச் சான்றாகாது.

7. இன்றைய திருப்பணிகளும் பதிவின் தகுதிகளும்

தமிழகத்தில் இப்பொருள் உயிர்ப்புடையது. குடமுழுக்கையொட்டி நிகழும் திருப்பணிகளில் தளம் உயர்த்தப்பட்டு அதிட்டானக் கல்வெட்டுகள் புதைவதும், சுவரில் வண்ணமும் சிமெண்டும் ஏறுவதும், மணல்வீச்சுச் சுத்திகரிப்பால் எழுத்துகள் மழுங்குவதும், பிரிக்கப்பட்ட கற்கள் வரிசை தவறி மீண்டும் அடுக்கப்படுவதும் ஆய்வாளர் பலர் நேரில் கண்டவை. வரிசை மாறி அடுக்கப்பட்ட சுவரில், ஒரு கல்வெட்டின் தொடக்கம் ஓரிடத்திலும் முடிவு வேறிடத்திலும் நிற்கும்; சில கற்கள் தலைகீழாகவும் இருக்கும். 2021 சூன் மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றம் கோயில்கள், தொன்மைச்சின்னங்கள் ஆகியவற்றின் பாதுகாப்புக் குறித்து 75 நெறிமுறைகளை வழங்கியது இக்கவலையின் ஆழத்தைக் காட்டும்.

நம்மிடம் பதிவுகள் இல்லாமலும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கல்வெட்டுத்துறை எடுத்துவரும் மைப்படிகள் அவற்றுள் தலையாயவை. நனைத்த தாளைக் கல்லின்மேல் தூரிகையால் அடித்துப் படியச்செய்து மையொற்றி எடுக்கும் அப்படி, எழுத்தை அதே அளவில், அதே வடிவில் தருகிறது. திருக்கோடிக்காவல் படி இழந்த எழுத்தமைதியை மைப்படி காக்கிறது. துறையின் ஆண்டறிக்கைகள், எந்தச் சுவரில் எந்தத் திசையில் கல்வெட்டு உள்ளது என்பதையும் ஒரு வரியில் சுட்டுகின்றன. பின்னர்த் திருப்பணியில் சுவரே மறைந்துபோன இடங்களில் அந்த ஒரு வரிதான் கட்டட வரலாற்றுக்குத் துணை. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1950களிலிருந்து தொகுத்துவந்துள்ள, இலட்சத்தைக் கடந்த ஒளிப்படங்கள் வடிவத்துக்குச் சான்றாகின்றன. ஆயின் மைப்படி ஓரிடத்திலும் ஒளிப்படம் வேறிடத்திலும் வாசகம் அச்சுத்தொகுதியிலும் இருக்க, குறிப்பிட்ட கோயிலின் ஊரில் இவற்றுள் எதுவும் பெரும்பாலும் இருப்பதில்லை. பழங்கற்படி மரபின் முதன்மைப் பண்பான இடப்பிணைப்பு அறுந்துவிட்டது.

மேற்கண்ட ஒப்பீட்டிலிருந்து, ஒரு கட்டடப் பதிவை மதிப்பிட ஐந்து வினாக்களைத் தொகுக்கலாம்.

அ. பதிவு முடிவுக்கு முன் எடுக்கப்பட்டதா, பின் எடுக்கப்பட்டதா? முன் எடுக்கப்பட்ட பதிவே முடிவெடுப்போரின் அறிவாக அமையும்.

ஆ. படி, படி என்று ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளதா? புதுப்பித்த பகுதியைப் பழையதாகக் காட்டாமல் இனங்காணும்படி குறித்துள்ளனரா?

இ. ஒவ்வொரு செய்தியும் கட்டடத்தில் இருந்த இடத்தோடு சேர்த்துப் பதியப்பட்டுள்ளதா? இடமற்ற வாசகமும் வாசகமற்ற வடிவமும் குறைப்பதிவுகளே.

ஈ. பதிவு அவ்விடத்து மக்கள் காணவும் சரிபார்க்கவும் மறுக்கவும் கூடிய இடத்தில் உள்ளதா?

உ. பதியப்படாதவை எவை என்று பதிவே கூறுகிறதா?

இறுதி வினாவுக்குச் சிறப்பிடம் தர வேண்டும். பதிவறிக்கைகள் தாம் செய்தவற்றையே விரித்துரைக்கும், செய்யாதவற்றைச் சொல்வதில்லை. சுதைப்படலம் ஆராயப்படவில்லை, அடித்தளம் தோண்டிப் பார்க்கப்படவில்லை, குடியிருந்தோரிடம் உசாவவில்லை என்று ஓர் அறிக்கை வெளிப்படையாகக் கூறுமாயின், இடிக்க இசைவு தருவோர் தாம் எதனை இழக்கிறோம் என்பதை அறிந்தே கையெழுத்திட வேண்டிவரும். 'ஆவணப்படுத்தியாயிற்று' என்னும் சொல்லின் பொய்யமைதி அங்குக் குலையும்.

8. நிறைவுரை

திருமழபாடியிலும் திருக்கோடிக்காவலிலும் படியெடுத்தோர், பிரிப்பதற்கு முன் எழுதினர்; எழுதியதைப் படி என்று அறிவித்தனர்; அதே ஊரில், அதே கோயிலில் நிறுத்தினர். இம்மூன்றிலும் அவர்கள் இன்றைய நடைமுறை பலவற்றினும் முன்நிற்கின்றனர். அவர்கள் கேட்காத வினாக்களுக்கான விடைகள் பிரித்த கற்களோடும் செங்கற்களோடும் மறைந்தன. மூர் மார்க்கெட்டின் மாதிரி வேறு வினாக்களுக்கு விடை தந்து, வேறு செய்திகளை இழந்தது. எனவே பதிவு என்பது மூலத்தின் ஈடு ஆகாது. மூலத்தைப் பற்றி ஒரு காலத்தவர் ஒரு நோக்கத்தோடு எழுதிய உரையே அது. உரை எத்துணைச் சிறந்ததாயினும் மூலத்தை நீக்க அது காரணமாவதில்லை.

கருவிகள் மலிந்த இக்காலத்தில் பதிவுசெய்வது எளிதாகிவிட்டது. அந்த எளிமையே ஆபத்தாகவும் மாறக்கூடும். ஏட்டில் எழுதிய படியை நம்பி விமானத்தைப் பிரித்தவர்களுக்கு, அதன்மேல் கற்றளி எழுப்பும் உறுதியும், 13 ஆண்டுகளுக்குப் பின்னும் ஏட்டைத் தேடியெடுத்துக் கல்லில் வெட்டும் பொறுப்பும் இருந்தன. ஒரு பழங்கட்டடத்தைப் பதிவுசெய்து அகற்ற முற்படும் எவரிடமும் அந்தப் பொறுப்பை யார் ஏற்கிறார் என்று கேட்கும் உரிமை ஊருக்கு உண்டு. அவ்வினாவைக் கேட்க ஊருக்குத் துணைநிற்பது ஆய்வாளரின் கடமை.